டை கட்டிய ஹீலர்

– கோவிக்க வேணாம் ஸ்ரான்லி அங்கிள், இனி ஒங்கள இங்க சும்மா ஒக்கார வெக்கேலா. ஏதாச்சும் ஒரு கேம் விளையாடுங்க. இல்லாட்டி வேற எடம் பாருங்க.

– ஏன் நிம்றா பிள்ளை, நான் ஆருக்கும் கரைச்சல் குடுக்கேல்லையே? மூலையில இருந்து பேப்பர்தானே வாசிக்கிறன்.

– அதான் பிரச்சினையே. வெள்ளவத்தையில கேமிங் கஃபேக்குள்ள டையும் கட்டிக்கொண்டு பேப்பர் வாசிக்கிற ஆளக் கண்டா பொடியன்மார் என்ன நெனைப்பானுவ? நீங்க சிவில்ல வந்த பொலிசாம். நேத்து ரெண்டு பேர் பாதியில எழும்பிப் போய்ட்டானுவ. நானும் கூடப் பொறந்த நாநாவும் பட்ட பாட்டுக்குத் தொறந்த கடை இது.

– பொலிசோ! சேசுவே! என்ர மூஞ்சையப் பாத்தா பொலிஸ் மாதிரியோ இருக்கு?

– மூஞ்சி இல்ல அங்கிள். சப்பாத்தப் பாருங்களே, முகம் தெரியிற மாதிரி ஈக்கி.

– அது... என்ர மனிசி கொன்ஸ்ரன்ஸ் விடிய எழும்பித் துடைச்சு வைக்கிறவ. சரி, கோவிக்காத பிள்ளை. கம்ப்யூட்டரில தனிய இருந்து கார்ட்ஸ் அடுக்கிற ஒண்டு இருக்குமே, அதைப் போட்டு விடு.

– அதுக்கு ஒங்கட ஒஃபிஸ்லயே ஈந்தீக்கலாமே.

– ஓம். அங்க இருந்திருக்கலாம்தான்.

– நான் பகிடிக்குத்தான் சென்னேன், மொகத்த அப்பிடி வெக்காதீங்க. பாருங்களே, இங்க எல்லாரும் விளையாடுற கேம் இதுதான். லேசு. ரெண்டு டீம், ஒண்டுக்கு அஞ்சஞ்சு பேர். நடுவுல ஒரு வண்டி ஈக்கி. எதிர்ப் பக்கத்த சுட்டு வெரட்டி அந்த வண்டிய அங்கால கொண்டு போய் சேக்கோணும். மொதல்ல ஒங்களுக்கு ஒரு ஆளத் தெரிவு செய்யுங்க.

– இவ்வளவு பேரோ! ரோபோ, குரங்கு, தலையில நெருப்பு எரியிற பெட்டை... இவன் ஆர், முகம் முழுக்க மூடிக்கொண்டு நிக்கிறவன்?

– அவர் மறையுற ஆள். இந்த பட்டன அமத்தினா ஒருத்தருக்கும் தெரிய மாட்டார்.

– இவனையே தா. இவன் நல்லவன்.

– வேணாம் அங்கிள், புதுசா விளையாடுறவங்களுக்கு அது செரி வராது. மறைஞ்சு போய் எப்ப வெளியில வாரதுண்டு தெரிஞ்சீக்கோணும். அது தெரியாதவங்க கடைசி வரைக்கும் மறைஞ்சிட்டேதான் ஈப்பாங்க.

– அப்ப அந்தா, தூர நிண்டு சுடுறவன். கூரைக்கு மேல தனிய படுத்துக் கிடக்கிறான். ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை.

– ஸ்னைப்பரா? குறி தப்பினா டீமே தோத்திடும், பொறகு கேக்கேலாத பேச்செல்லாம் கேக்க வேண்டி வரும். ஏன் அங்கிள் தேடித் தேடி ஒளியுற ஆளாவே எடுக்குறீங்க?

– சும்மாதான்.

– சும்மா இல்ல. திங்கக்கிழமையில இருந்து பாக்குறேன். காலையில கதவு தொறக்க முந்தி வந்து நிக்கிறீங்க. பகலைக்கு சோத்துப் பார்சல ஒளிச்சு வச்சு சாப்புடுறீங்க. ரோட்டால யாரும் போனா பேப்பர மொகத்துக்கு நேர புடிக்கிறீங்க. பொலிஸ் இல்லயெண்டு எனக்குத் தெரியும். வேற என்ன?

– முதல்ல ஆளைத் தா பிள்ளை. பிறகு கதைப்பம்.

– செரி. ஹீலர எடுங்க. இந்தா, வெள்ளை உடுப்பு, கையில தடி. இவங்க சுடத் தேவையில்ல. அடிபட்டவங்கட பக்கம் தடிய நீட்டினா அவங்களுக்கு சொகமாகும். கேடயம் வச்சிக்கிட்டு முன்னுக்குப் போற பெரிய ஆளுக்குப் பின்னால நிண்டா போதும்.

– ஒருத்தரையும் சுட வேண்டாமோ? அப்ப சரி. பாக்கவும் வானத்தில இருந்து இறங்கின சம்மனசு மாதிரி இருக்கிறா.

– ஹெட்செட்ட மாட்டுங்க, சத்தம் கேக்கோணும். ஒரு காத மட்டும் மூடுங்க, நான் செல்றது மத்தக் காதால கேக்கும். ம், தொடங்கியாச்சு. போங்க. அங்கிள், அது செவரு.

– எனக்குத் தெரியுது சுவர் எண்டு. திரும்புதில்லையே.

– மவுஸ ஆட்டுங்க, தலைய ஆட்டாதீங்க.

– ஆ, வந்திட்டுது. எங்க போறது? ஐயோ, செத்துப் போனன்.

– ஒண்டுமில்ல, பத்து எண்ண முந்தி திரும்ப வருவீங்க. பாருங்களே, அந்தக் கேடயக்கார ஆள் ஒங்களுக்காகத் திரும்பி வந்து நிக்கிறதை. மத்தவங்க எல்லாம் போய்ட்டாங்க.

– எனக்காகவோ? நல்ல பொடியன். ஆரெண்டு தெரியாது, பாவம், என்னைப் போல ஒண்டுக்குக் காவல் நிக்கிறான்.

– தடிய நீட்டுங்க. ஆ, அப்பிடித்தான். அவரோடயே நடங்க. இப்ப கை பழகிட்டு, இனிக் கதையும் செல்லலாம். ஒங்களுக்கு வேலை போய்ட்டா அங்கிள்?

– நீ கெட்டிக்காரி. ஓம் பிள்ளை. ஹார்பர்ப் பக்கம் ஒரு கிளியரிங் கந்தோரில கிளார்க்கா இருந்தனான். எல்லாம் ஒன்லைனில செய்யலாமெண்டு எங்கட செக்‌ஷனையே மூடிப்போட்டாங்கள். போன வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

– அதுக்கு எதுக்கு ஒளியோணும்? எத்தனையோ பேருக்கு வேலை போவுது. வீட்ட செல்ல வேண்டியதுதானே.

– சொல்லத்தான் நினைச்சுக்கொண்டு போனனான். கந்தோர்ப் பெடியள் என்னை வழியனுப்ப ஒரு கேக் வெட்டினவங்கள். மிச்சத்தைப் பெட்டியோட தந்துவிட்டாங்கள். மேல ஐசிங்கால ‘வாழ்த்துக்கள் ஸ்ரான்லி’ எண்டு எழுதினது அப்பிடியே கிடந்தது. கொன்ஸ்ரன்ஸ் பெட்டியைத் திறந்து பாத்திட்டு, என்னப்பா, பிரமோஷனோ எண்டு கேட்டா. கேக்கேக்க அவவின்ர முகம் எப்பிடி இருந்தது எண்டு உனக்குச் சொல்லத் தெரியேல்லை பிள்ளை. நான் ஓம் எண்டுட்டன்.

– யா அல்லாஹ்! வேலை போன கேக்குக்கா?

– ஓம் எண்ட ஒரு சொல்லுத்தான். நாக்குத் தானாச் சொல்லிப்போட்டுது. அதோட விட்டாளோ? கேக்கைத் துண்டு துண்டா வெட்டி, கொட்டாஞ்சேனையில எங்கட லேன் முழுக்கக் குடுத்தா. மேல் வீட்டுக் கிளறன்ஸ் மாஸ்ரர் இறங்கி வந்து கையைக் குலுக்கிப்போட்டுப் போறார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனான். அந்தக் கேக்கில நானும் ஒரு துண்டு திண்டனான் பிள்ளை.

– அங்கிள், எடது பக்கம்! ஆ, தப்பிட்டீங்க. கேடயம் வந்து மறைச்சிட்டு.

– பொடியன் என்னை விட்டுப் போறானே இல்லை.

– சிரிக்கிறதா அழுவுறதாண்டு தெரியல்ல. செரி, வாரக் கிழமை செல்லுங்க. அதுக்குள்ள ஒரு வேலை கெடைச்சாலும் கெடைக்கும்.

– வாற கிழமைக்கு எங்க போறது? நாளைக்கு ஞாயிறு. கொன்ஸ்ரன்ஸ் கோயிலுக்குப் போய் நன்றிப் பூசை ஒண்டுக்குக் குடுத்திட்டு வந்திட்டா.

– அதுண்டா என்ன அங்கிள்? எனக்கு ஒங்கட கோயில் வெளங்காதே.

– வீட்டில ஒரு நல்ல காரியம் நடந்தா, அதுக்கு நன்றியாப் பூசை ஒப்புக்குடுக்கிறது. பூசை வைக்கிற சுவாமி, தொடங்க முந்தி எல்லாருக்கும் கேக்க வாசிப்பார். ஸ்ரான்லியின் பதவி உயர்வுக்கு நன்றியாக அவரது குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் பூசை எண்டு. நாளைக்குக் காலமை, கோயில் நிறைஞ்ச சனத்துக்கு முன்னால. நான் முன் வாங்கில குனிஞ்சுகொண்டு இருக்கோணும். மனிசருக்குச் சொன்ன பொய் போதாதெண்டு, ஆண்டவருக்கும் சொல்லப் போறன்.

– அப்பண்டா இண்டைக்கே செல்லிடுங்க அங்கிள். வேற வழியே இல்ல.

– கொன்ஸ்ரன்சுக்குச் சொல்லலாம் பிள்ளை. அழுவாள், ஏசுவாள், பிறகு தேத்தண்ணி ஊத்தித் தருவாள். எனக்கு மகளுக்குத்தான் சொல்ல ஏலாது.

– மகளா? எத்தன வயசு?

– பதினெட்டு. டில்ஷானி. சின்னனில அவள் பள்ளிக்கூடத்தில ஏதோ உடைச்சுப்போட்டுப் பொய் சொன்னவள் எண்டு, நான் அவளைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் ரீச்சருக்கு முன்னால மன்னிப்புக் கேக்க வைச்சனான். வகுப்பே பாத்துக்கொண்டிருந்தது. எங்கட வீட்டில பொய் இல்லை எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்ன ஆள் நான். இப்ப அவள் விடிய எழும்பி, அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு என்ர டையை நேராக்கி விடுறாள். அந்த நேரம் அவளின்ர கண்ணைப் பாக்க ஏலாமல் கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். வெக்கமா இருக்கு பிள்ளை. வேலை போனதுக்கில்லை. அவளுக்கு முன்னால நான் இப்பிடி ஆகிட்டன் எண்டதுக்கு.

– அங்கிள், என்ன கேடயக்கார ஆள் அசையாம நிக்கிறது? எதிர்ப் பக்கம் அடிக்கிறானுவ, அப்பிடியே நிக்கிறாரே.

– நான் தடியை நீட்டிக்கொண்டுதானே நிக்கிறன். நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?

– இல்லயே, ஒண்டும் பெரிசா... ஐயோ அங்கிள்.

– என்ன?

– ஒங்கட மைக். ஓன்ல ஈக்கி. மொதல்ல இருந்தே. என்ட பிழை, நான் பாக்கல்ல.

– மைக்கோ? அப்பிடி எண்டா?

– நீங்க பேசின எல்லாம் ஒங்கட டீமுக்குக் கேட்டீக்கி.

– என்னது? நாலு பேருக்குமோ? கேக்கும், பூசையும், எல்லாமோ? சேசுவே, கழட்டு, இதைக் கழட்டு பிள்ளை, நான் போறன். இந்தப் பக்கமே இனி வரமாட்டன்.

– அப்பா, கழட்டாதீங்கோ.

– ஆரது, ஹெட்செட்டுக்குள்ள?

– நான்தான் அப்பா. கேடயத்தோட நிக்கிறது நான்.

– டில்ஷானியோ? நீ... நீ எங்க இருக்கிறாய்?

– மேல. இந்தக் கடையிலயே பொம்பிளைப் பிள்ளையளுக்கெண்டு இருக்கிற ரூமில. இண்டைக்குக் கிளாசுக்கு வரேக்க பஸ்ஸுக்குள்ள உங்களுக்குப் பின்னாலதான் நிண்டனான். கந்தோருக்கு இறங்கிற கோட்டையில நீங்கள் இறங்கேல்லை, எங்க போறீங்கள் எண்டு பாக்கத்தான் பின்னால வந்தனான்.

– வல்லாஹி எனக்குத் தெரியாது அங்கிள் ஒங்கட மகள் எண்டு. மேல போன பிள்ள, மூலையில ஈக்கிற அங்கிள் விளையாடினா அவர்ட டீம்ல போடுங்கண்டு மட்டுந்தான் கேட்ட.

– கீழ வராத பிள்ளை. கெஞ்சிக் கேக்கிறன், இப்ப வராத. உன்ர முகத்தைப் பாக்கிறதுக்கு எனக்குத் தெம்பில்லை.

– வரேல்லை அப்பா. இப்பிடியே கதைப்பம். கேமை விட்டிட்டுப் போகாதீங்கோ, எனக்குப் பின்னால வாங்கோ.

– நீ எப்ப இதெல்லாம் விளையாடப் பழகினாய்?

– அதை வீட்ட போய்ச் சொல்லுறன். நானும் ஒண்டிரண்டு பொய் வைச்சிருக்கிறன்.

– டில்ஷானி, அம்மாவுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?

– அம்மாவுக்குத் தெரியும்.

– என்ன சொல்லுறாய்?

– புதன்கிழமை உங்களோட வேலை செய்த ரொஷான் அங்கிள் உங்கட கந்தோர் மேசைச் சாமானெல்லாம் வீட்ட கொண்டு வந்து தந்தவர். அழுதுபோட்டுத்தான் போனவர். அம்மாவும் நானும் நிண்டனாங்கள்.

– புதன்கிழமையோ? அதுக்குப் பிறகும் சப்பாத்து மினுக்கித் தந்தவ. சோறு கட்டித் தந்தவ. இண்டைக்கு விடியவும் நெத்தியில சிலுவை போட்டுத்தான் அனுப்பினவ. ஒரு வார்த்தை கேக்கேல்லையே பிள்ளை!

– கேட்டா நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்திடும் எண்டு பயந்தவ.

– அப்ப நாளைக்குப் பூசை? தெரிஞ்சுகொண்டும் நன்றிப் பூசைக்கு வந்து எனக்குப் பக்கத்தில இருக்கப் போறாவோ?

– நன்றிப் பூசை இல்லை அப்பா. புதன்கிழமை பின்னேரமே அம்மா கோயிலுக்கு ஓடிப்போய், உங்களுக்கு வேலை கிடைக்கோணும் எண்டு கேக்கிற பூசையா மாத்திக் குடுத்திட்டா, உங்கட பேரை மட்டும் வாசிக்க வேண்டாமெண்டு சுவாமியைக் கும்பிட்டுக் கேட்டு.