மூணு வருசத்து நாற்காலி

— நாற்காலிய எடுத்துக்கோ முனிசாமி. இன்னைலேர்ந்து நீதாம்பா பிரசிடெண்டு.

— கோவர்த்தனன் அய்யா, நேத்து வரிக்கும் 'டேய்'னு கூப்ட்டீங்க. இன்னைக்கி 'அப்பா'ன்றீங்க. எங்க தெருவுக்கே வந்துகீறீங்க. எனக்கு பயமா கீது.

— சரேலே, சரிப்பா, பயம் இன்னாத்துக்கு? மூணு வருசம் நானு, அப்புறம் உங்க தெருன்னு கங்கம்மா கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணனா இல்லியா?

— பண்ணீங்க. ஏழு வருசம் ஆயிப்போச்சி. கேட்டப்பல்லாம், 'ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னு தீரட்டும், அது வரிக்கும் எலக்சன் வெக்க மாட்டாங்க'ன்னு சொல்லிக்கினே இருந்தீங்க.

— யோவ், நீ இரு. நான் கேக்கறேன். ஏங்கய்யா, இன்னைக்கி மட்டும் இன்னா ஞானம்?

— புருசன் பேசறப்ப நடுவுல இன்னா செல்லியம்மா?

— ஊர்க் கெணத்தாண்ட வராதன்னீங்க. ஓடையில ஊத்து தோண்டி ஒரு கொடம் ரொப்பறதுக்குள்ள எனக்குப் பாதி நாளு போவுது. நான் கேக்காம வேற யாரு கேப்பாங்க?

— மனசு உறுத்துது, தரேன். அவ்ளோதாம்மா.

— ஏழு வருசம் உறுத்தலியா? நேத்து சித்தூரு போய் வந்தீங்களே, அங்க இன்னா சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல.

— கங்கம்மா மேல ஆணையா?

— சரேலே, சொல்றேன். எல்லை தீந்துபோச்சி. நாளைலேர்ந்து நம்ம ஊரு மெட்ராஸு. இந்தப் பஞ்சாயத்து கலையுது. அவங்க ஆபீசரு வந்து பாத்துக்குவாரு.

— அப்போ எனக்கு ஒரே நாளு பதவியா?

— ஒரு நாளானா இன்னாப்பா, பதவி பதவிதான். என் சத்தியமும் தீந்துடும். பொண்ணுக்குக் காய்ச்சலு எறங்கவே மாட்டேங்குது. ஆத்தா கோவம்னு வீட்ல அழுதுக்கினு கெடக்கறாங்க.

— சாமியயே ஏமாத்தப் பாக்கறீங்க. எனக்கு வேணாம், தூக்கிக்கினு போங்க.

— இருய்யா. வாங்கிக்கோ.

— இன்னா செல்லி, நீயுமா?

— அய்யா, பிரசிடெண்டா வர்றவரு ஊர்க் கெணத்துல தன் கையால ஒரு கொடம் சேந்தி கங்கம்மாவுக்கு ஊத்தணும். உங்க நைனா ஊத்துனாரு, நீங்களும் ஊத்துனீங்க.

— அது... ஒரு நாளுக்கு அதெல்லாம் எதுக்கும்மா? நாற்காலிய வெச்சிக்கினா போதும்.

— தண்ணி ஊத்தாதவன பிரசிடெண்டுன்னு ஆத்தா ஒத்துக்குவாளா? உங்க சத்தியந்தான் தீருமா?

— ஊரு இன்னா சொல்லும் செல்லியம்மா? என்ன சும்மா விடுவாங்களா?

— அத நீங்க பாத்துக்கோங்க. யோவ், கொடத்த எடு. பதவி நாளைக்கிப் போயிடும். நீ சேந்துன கெணத்தாண்ட நாளைக்கி நம்ம தெருக் கொடமெல்லாம் வந்து நிக்கும்.