சத்தம் நின்ற கார்

பிரேக் கத்துகிறதென்றால் உடனே பயந்துவிடக் கூடாது. பாதி நேரம் அது வெறும் தூசி. எங்களைப் போலக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சில்லைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, அதில் உராய்ந்து காரை நிறுத்துகிற லைனிங்கைச் சான்ட் பேப்பரால் மெல்ல உரஞ்சினால் போதும். பட்டறை மேற்பார்வையாளராக முப்பது வருடம் இருந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

நீங்கள் காரைப் பற்றிக் கேட்க வரவில்லை என்று தெரியும், தம்பி. சமாதானம் பேசுகிற நாட்கள் இவை. சுட்ட சிப்பாயின் மேல் வழக்குப் போட என் கையெழுத்து வேண்டுமென்று வந்திருக்கிறீர்கள். ஒரு சட்டத்தரணி செய்ய வேண்டியதுதான். ஆனால் காரிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

மனைவி போன பிறகு இந்த வெள்ளவத்தை வீட்டில் நானும் மகள் ஜெகதீஸ்வரியும் மட்டும்தான். நான் சமைப்பேன். அவள் என் மருந்துக் குளிசைகளை நேரத்துக்கு எடுத்துத் தருவாள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. பிறகு கனடாவிலிருந்த சிவானந்தனுக்கும் அவளுக்கும் கலியாண எழுத்து நடந்தது. தொண்ணூற்றேழில் அவளுக்கு விசா வந்ததும் அவளைக் கூட்டிப்போக வந்தான். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். அவனில் எனக்குக் கோபமே இல்லை.

“பக்கத்து வீட்டுச் சீனியம்மா உங்களைப் பார்த்துக்கொள்ளுவா, அப்பா,” என்றாள் மகள். ஊருக்குப் போகிறவர்கள் பூச்செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போவார்களே, அந்தக் குரலில்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. வெளியில் காட்டவில்லை.

எங்களுடையது கிழட்டுக் கார். பிரேக்கை மிதித்தால் தெரு முழுக்கக் கேட்கும். கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் இருந்த சோதனைச் சாவடிப் பொடியன்களுக்கு அந்தச் சத்தம் நல்ல பழக்கம். தூரத்தில் கேட்டதுமே சிரித்துக்கொண்டு, “யன்ன அங்கிள்,” என்று கையைக் காட்டிப் போகவிடுவார்கள். இருந்தாலும் நான் கவனமாகத்தான் இருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண்ணை இருத்தாமல் சாவடியைக் கடக்கக் கூடாதென்பது என் வீட்டுச் சட்டம். பெண்ணைக் கண்டால் கேள்வி குறையும். வந்த முதல் நாளே சிவானந்தனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவனுக்கு அந்தச் சத்தம் வெட்கமாக இருந்தது. “ஊரைக் கூட்டுது மாமா. கராஜில குடுப்பமே?”

“ஏன் வீண் அலைச்சல்? நான் செய்து தாறன்,” என்றேன்.

சான்ட் பேப்பர் வாங்கக் கிராண்ட்பாஸில் ஸஹாப்தீனின் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். அவர் சாமானைச் சுற்றித் தந்துகொண்டே சொன்னார்: “லைனிங்ல எண்ணெ கிண்ணெ பட உட்டுடாதீங்க சேர். சத்தம் நிண்டுடும். கார் நிக்காது.” எனக்குத் தெரியாததா? ஆனாலும் அக்கறையாகச் சொன்ன மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் நான்கு சில்லையும் கழற்றினேன். தூசியைத் துடைத்தேன், லைனிங்கை உரஞ்சினேன். அதோடு சத்தம் போயிருக்கும். பிறகு லைனிங்கில் கிறீஸ் பூசினேன். சில்லுகளைப் போட்டு முற்றத்தில் உருட்டிப் பார்த்தேன். பிரேக் இன்னும் கொஞ்சம் பிடித்தது. ஆகவே திரும்பக் கழற்றி இன்னொரு தரம் பூசினேன். கை பிரேக் எப்போதோ பழுதாகிவிட்டது. அதை நான் தொடவில்லை.

மறுநாள் காலை சிவானந்தன் கொட்டாஞ்சேனையில் இருக்கும் சிநேகிதன் வரதராசாவிடம் பயணம் சொல்லிவரப் புறப்பட்டான். அவன் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. மகள் தலைக்கு முழுகிக்கொண்டிருந்தாள். நான் கேற்றைத் திறக்கப் போன நேரம், ஈரத் தலையோடு ஓடிவந்து முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

“முன்னுக்கு ஒரு பொம்பிளை இல்லாமல் போகக்கூடாதெண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?”

அவளை இறக்க வேண்டுமென்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். தலை நனைந்திருக்கிறது, தடிமன் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கேற்றைத் திறந்துவிட்டேன். ஒழுங்கை முனையில் கார் சத்தமில்லாமல் தயங்கித் திரும்பியது. மகள் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, “சத்தமே இல்லை. கெட்டிக்காரன் அப்பா,” என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இறக்கத்தில் காவலுக்கு நின்றவன் இரண்டு தரம், “நவத்தன்ன,” என்று கத்தினானாம். நிறுத்தச் சொல்லித்தான். கார் தெருவுக்குக் குறுக்கே வைத்திருந்த பீப்பாய்களை இடித்துக்கொண்டு நேரே அவன்மேல் வந்தது. பழகிய சத்தம் கேட்டிருந்தால் எங்கள் கார் என்றாவது தெரிந்திருக்கும். குண்டு வைத்த காருக்குப் பயந்து பயந்து நின்ற இருபது வயதுப் பிள்ளை, சுடாமல் வேறு என்ன செய்வான்? சிவானந்தன் அந்த இடத்திலேயே முடிந்தான். மகளுக்கு முதுகுத்தண்டில் ஒரு சூடு.

ஆகவே அந்தச் சிப்பாயின் மேல் பிழை சொல்லி நான் கையெழுத்து வைக்கமாட்டேன், தம்பி. அநியாயம் செய்து எனக்குப் பழக்கமில்லை. காரைப் பழுதாக்கியவன் நான் என்று வேண்டுமானால் எழுதுங்கள், அதற்குக் கீழே வைக்கிறேன்.

ஆறு வருடமாயிற்று. விசா எப்போதோ காலாவதியாகிவிட்டது. மகள் முன்னறையில் இருக்கிறாள். நான் சமைக்கிறேன். இப்போது அவளுடைய குளிசைகளையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பழையபடி நாங்கள் இரண்டு பேர். என்னோடு அவள் கதைப்பதில்லை. நோயாளிகளுக்கு அது வழமைதான்.

போன கிழமை அவளுடைய சக்கர நாற்காலி கிறீச்சிடத் தொடங்கியது. நான் எண்ணெய்ப் போத்தலோடு அறை வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் சீனியம்மாவைக் கூப்பிட்டு, “அவரைத் தொடவிடாதேங்கோ. சத்தம் கிடந்தால் கிடக்கட்டும்,” என்றாள்.

எனக்கு இந்த வேலை சரியாகத் தெரியாதென்று நினைக்கிறாள் போலிருக்கிறது.