வெளியே நிற்கிற ராசி

எங்கள் ஊர் அணிக்கு எப்போதும் மத்தியான ஆட்டம்தான் ஒதுக்குவார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய ஊர்க்காரர்களுக்குத்தான் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிற பாக்கியம். மில்வாக்கிக்காரன் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்கு மத்தியான ஆட்டம் பிடிக்கும். முடிந்ததும் வீட்டுக்குப் போய், சூடாக ஒரு சூப் வைத்துக் குடித்துவிட்டு, நேரத்தோடு படுத்துவிடலாம்.

நீங்கள் பேஸ்பால் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். பரவாயில்லை, தேவையான அளவுக்கு நான் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் க்ளெம் விஷயம் உங்களுக்குப் பிடிபடாது. பொறாமை, கிறாமை என்று எதையாவது எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

வெர்னாவின் பாரில் நான் உட்காருகிற ஸ்டூல் கடைசி ஸ்டூல், கழிப்பறை நடைக்குப் பக்கத்தில். அவளுடைய முதல் புருஷன் இருந்த காலத்திலிருந்தே அதுதான் என் இடம். எங்கள் அணி வருஷத்துக்கு நூறு ஆட்டம் தோற்ற காலமெல்லாம் உண்டு. அப்போது அந்த பாரில் ஆட்டம் பார்க்க நானும் டிவியும்தான் இருப்போம். வெர்னா கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு வேற வேலையே கிடையாதா ரோமன்?" என்பாள். அவள் புருஷன் போன பிறகு, பனிக்காலத்தில் அவள் கடை வாசலில் பனியை வாரிப் போட்டது நான்தான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. அவளிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. இந்த சீசன் முடியட்டும், அணி கோப்பையை வாங்கட்டும், அந்தச் சந்தோஷத்தில் கேட்போம் என்று இருந்தேன். எங்கள் அணி கோப்பையை வாங்குகிற அணி இல்லை.

க்ளெம் ஹாலரன் சிகாகோக்காரன். பிறந்ததிலிருந்து சிகாகோ அணிக்குக் கத்தியவன். லாரியில் சரக்கு இறக்க வந்தவன் ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட உள்ளே நுழைந்தான். வெர்னாவைப் பார்த்தான். அடுத்த வாரம் எங்கள் அணித் தொப்பியோடு வந்து உட்கார்ந்தான். எங்கள் தெருவில் ஒருவன் மதம் மாறலாம், பெண்டாட்டியைக்கூட மாற்றிக்கொள்ளலாம், யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். அணியை மாற்றினால் மூஞ்சியில் காறித் துப்புவார்கள். ஆனால் க்ளெம் மேல் யாரும் துப்பவில்லை.

"இந்த அணிக்கு நான் வீட்டோட மாப்பிள்ளையா வந்திருக்கேன்பா. கொஞ்சம் மரியாதையா நடத்துங்க" என்றான். பார் முழுக்கச் சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். அந்த சீசன் முடிவதற்குள் அவளிடம் கேட்டும்விட்டான். அவளும் சரி என்றுவிட்டாள். எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கல்யாணத்துக்கு நல்ல பீங்கான் தட்டு ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அந்த பாரில் எல்லாவற்றுக்கும் க்ளெம் சொல்வதுதான் தீர்ப்பு. பந்து வீசுகிறவனுக்கு நேரக்கட்டுப்பாடு வைத்தது சரியா தவறா, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கு இத்தனை அணிகளை உள்ளே விடலாமா, எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். நானும் இதையெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவன்தான். நான் சொன்னபோது, "பெருசு ஆரம்பிச்சிருச்சுடா" என்பார்கள். அதையே க்ளெம் சொன்னால், "பாயின்ட்டைப் பிடிச்சான் பாரு" என்பார்கள். அதுவும் அந்தக் குழாய் ரிப்பேர்க்காரன் ஆர்னி, க்ளெம் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராக இருப்பான்.

எனக்கும் க்ளெமுக்கும் ஒரே ஒரு விதியில்தான் உண்மையான சண்டை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சாதாரண ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிறகும் சமநிலை என்றால், அதற்குமேல் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மட்டை பிடிக்கிற அணிக்கு இரண்டாவது பேஸில், அதாவது ஒரு ரன்னுக்குப் பாதி வழியில், ஓர் ஆளை இனாமாக நிறுத்திவிடுவார்கள். சட்டென்று ஒரு ரன் வரும், ஆட்டம் முடியும். பிளேஆஃபில் மட்டும் அந்த இனாம் கிடையாது. முடிகிற வரைக்கும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பிளேஆஃபிலும் அந்த விதி வேண்டும் என்பது என் கட்சி.

"அடிக்காம ஓடாம ரெண்டாவது பேஸ்ல போய் நிக்கிறதுக்கு அவன் யாருடா, முதலாளி மச்சானா?" என்பான் க்ளெம். "விடிஞ்சாலும் பரவால்ல. முடியிற வரைக்கும் ஆடணும். அதுதான்டா ஆட்டம்."

அவன் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அடிக்காமல் ஓடாமல் இரண்டாவது பேஸில் வந்து நின்றவன் அந்த பாரில் அவன் ஒருவன்தான். நான் இதை வாய் திறந்து சொன்னதில்லை.

இப்போது ராசி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு முக்கியமான ஆட்டத்தில் நாங்கள் பின்தங்கியிருந்தோம். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல், சட்டையோடு பின்முற்றத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்கள் வரிசையாக அடித்து ஜெயித்துவிட்டார்கள். உள்ளே ஓடி வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. க்ளெம் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "கண்டுபிடிச்சிட்டேன்! ரோமன் வெளிய நின்னா நாம ஜெயிக்கிறோம்!" என்று அறிவித்தான்.

சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அடுத்த முறையும் அது பலித்தது. அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. அணி பின்தங்கினால் போதும், "ரோமன், வெளிய!" என்று பார் முழுக்க மேசையைத் தட்டும். க்ளெம் அதற்கு விதிமுறையும் போட்டான். அன்றைக்கு எப்படி நின்றேனோ அப்படியே நிற்க வேண்டும், கோட்டு கூடாது. போனால் ஆட்டம் முடிகிற வரைக்கும் உள்ளே வரக்கூடாது, வந்தால் ராசி கலைந்துவிடும். நான் பாதியில் வந்துவிடாமல் இருக்க உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவதும் அவன் யோசனைதான். முற்றத்திலிருந்து சந்துக்குப் போகும் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், பீர் பீப்பாய் திருட்டுப் போனதிலிருந்து.

தாழ்ப்பாள் போடுகிற கதவில் என் முக அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாக நடை தெரியும், நடைக்கு அப்பால் கவுண்டரின் ஒரு ஓரம் தெரியும், அந்த ஓரத்தில் க்ளெமின் ஸ்டூலும் வெர்னாவின் கையும் தெரியும். டிவி தெரியாது. வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த வெற்றிகள் மூன்று வருஷமாக வந்தன. அத்தனையையும் நான் சத்தமாகத்தான் கேட்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் வெர்னாவின் கை க்ளெமின் தோளில் போய் விழுவதைப் பார்த்தேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் எனக்கு இலவசமாக ஒரு பீர் கொடுப்பார்கள்.

நீங்கள் கேட்கிற அன்றைய ஆட்டம் சிகாகோவோடு. பிளேஆஃபில் ஐந்து ஆட்டத் தொடரில் கடைசி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்தங்கினோம். வழக்கம்போல் மேசையைத் தட்டினார்கள். நான் எழுந்து போனேன். ஏரிக் காற்று சட்டைக்குள் புகுந்து வந்தது. ஆறும் போயிற்று, ஏழும் போயிற்று, ஒரு சத்தமும் இல்லை. அப்போது ஆர்னியே வந்து கதவைத் திறந்தான்.

"உன் ராசி தீந்துபோச்சு பெருசு" என்றான்.

நான் உள்ளே போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எதிர்ல இருக்கிறது சிகாகோ. நம்ம உள்ள ஒரு சிகாகோக்காரன் உக்காந்திருக்கான். அப்புறம் நான் வெளிய நின்னு என்ன பிரயோஜனம்?"

பார் வெடித்துச் சிரித்தது. எனக்காக அவர்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "க்ளெம், வெளிய! க்ளெம், வெளிய!" என்று மேசையைத் தட்டினார்கள். க்ளெமும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். கோட்டை எடுக்கக் கை நீட்டினான்.

"கோட்டு கூடாது. உன் சட்டம்தானே?" என்றேன்.

"அடப்பாவி, என் ஆயுதத்தை எடுத்து என்னையே குத்துறியே" என்று சொல்லிவிட்டுப் போனான். தாழ்ப்பாளைப் போட்டது நான். அதை நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வழக்கமாகப் போடுவதுதான்.

அவன் போன கையோடு எங்கள் ஆள் ஒருவன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தான். பேஸில் ஒருவன் இருந்ததால் இரண்டு ரன். ஆட்டம் சமமாகிவிட்டது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவனை உள்ளே விடு என்று அந்த பாரில் எவனும் சொல்லியிருக்க மாட்டான். ஒன்பது முடிந்தது, பத்து, பதினொன்று. யாரும் ரன் எடுக்கவில்லை. முதலில் க்ளெம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தான். பிறகு கண்ணாடியில் அவனைக் காணோம்.

வெர்னாதான் கவலைப்பட்டாள். பீர் ஊற்ற ஆள் போதாமல் அவளால் கவுண்டரை விட்டு நகர முடியவில்லை. "போதும்பா, அவனுக்கு மாரடைப்பு வந்து நெஞ்சுல குழாய் வெச்சிருக்கு, இந்தக் குளிர்ல நிக்கக்கூடாது" என்றாள். எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சல் போட்டார்கள். அவள் கொக்கியிலிருந்து அவன் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ரோமன், நீ கொண்டு போய்க் குடு. மாத்திரையும் அந்தப் பையிலதான் இருக்கு. இந்தக் கூட்டத்துல உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று எத்தனை பனிக்காலம் காத்திருந்தேன். அதை அவனுக்குக் கோட்டு கொண்டுபோகிற விஷயத்துக்குச் சொன்னாள்.

நடையைத் தாண்டிப் போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். க்ளெம் கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு கை நெஞ்சில் இருந்தது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டான். அவன் பேசியது கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. "தொற" என்றுதான் சொன்னான். என் கையிலிருந்த கோட்டைக் காட்டினான். அப்போது உள்ளே பெரிய சத்தம் எழுந்தது, எங்கள் ஆள் முதல் பேஸுக்குப் போய்விட்டான் என்று.

நான் யோசித்தேன். அவசரப்பட்டு எதுவும் செய்கிறவன் இல்லை நான். இவ்வளவு காலம் கழித்து ஒரு நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கொஞ்சம் பொறு என்று அவனுக்குக் கையைக் காட்டினேன். அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றான். அந்த நடையில் எப்போதும் குளிர் அதிகம். அவன் கோட்டை நான் போட்டுக்கொண்டேன். பையில் மாத்திரை டப்பா விரலில் பட்டது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் கை இல்லை.

கோட்டைக் கழற்றி நடையில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். நீங்கள் அதை அங்கேதான் கண்டெடுத்தீர்கள். வெர்னாவிடம், "குடுத்தாச்சு. மாத்திரையும் போட்டுக்கிட்டான். முடியிற வரைக்கும் உள்ள வரமாட்டேங்கிறான்" என்றேன். "பிடிவாதக்காரன்" என்று சிரித்தாள். க்ளெமின் ஸ்டூல் காலியாக இருந்தது. அங்கிருந்து டிவி நன்றாகத் தெரியும், அதனால் அதில் உட்கார்ந்தேன். பதினான்காவது இன்னிங்ஸில் ஜெயித்தோம். பந்து வேலியைத் தாண்டுவதை முழுசாகப் பார்த்தேன். வெர்னாவின் கை என் தோளில் விழுந்தது. பிறகு அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.

இப்போது அந்த விதியை யோசித்துப் பாருங்கள். நான் சொன்னபடி பிளேஆஃபிலும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் ஆட்டம் பத்தாவதிலேயே முடிந்திருக்கும். க்ளெம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்திருப்பான். முடிகிற வரைக்கும் ஆட வேண்டும் என்றவன் அவன்தான், நான் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவனைக் கண்டெடுத்தபோது அவன் தொப்பி உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருந்தது. அணிக்கு ரன் வர வேண்டும் என்று எங்கள் ஆட்கள் அப்படிப் போட்டுக்கொள்வார்கள். அது அவனாகவே செய்துகொண்டது. உள்ளே வர வேண்டும் என்று நினைக்கிறவன் அதைச் செய்வானா?

வெர்னாதான் உங்களைக் கூப்பிட்டாள் என்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவள், ஏதாவது சொல்லத்தான் செய்வாள். நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த சுற்று சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்குள் என்னால் போக முடியாவிட்டால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்த ஸ்டூலில் ஆர்னி கீர்னி யாரையும் உட்கார விட வேண்டாம் என்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவள் எனக்காக வைத்திருப்பாள்.