தவளைக் குளம்

எங்கள் விடுதியில் தேநீருக்குச் சீனி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கித்துள் கருப்பட்டிதான். ஒருமுறை குடித்தால் நீங்களும் சீனிப் பக்கம் போகமாட்டீர்கள்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றதும், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே பாழாய்க் கிடந்த பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் இந்தக் குளிரில் என்ன கிழிக்கப்போகிறான் என்று சிரித்தார்கள். சமாதானம் பேசத் தொடங்கிய இரண்டாயிரத்து இரண்டில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பிறகு சிரித்தவர்களே அறை கேட்டு வந்தார்கள்.

வருகிறவர்கள் மேல் எனக்கு மதிப்பில்லை. இயற்கை வேண்டும் என்பார்கள். அட்டை கடித்தால் ஆஸ்பத்திரி எங்கே என்பார்கள். கொழும்புக்காரர்கள் மண்பானைத் தண்ணீரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, காருக்குள் ஒளிந்திருந்து சோடா குடிப்பார்கள். என்றாலும் அவர்கள் கண்ணுக்கு அழகு வேண்டும். அந்த அழகுக்குக் குறுக்கே நின்றது பங்களாவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லயம்.

அதில் ஒரு குடும்பம்தான் மிச்சம். அழகுமுத்து, அவன் பெண்சாதி ராக்காயி, இரண்டு பிள்ளைகள். ராக்காயி எங்கள் சமையலறையில் வேலை செய்தாள். அழகுமுத்து பாத்தியில் போட்ட கோவாவுக்குப் பூச்சிமருந்து அடிப்பான், பொலித்தீனைக் குவித்து எரிப்பான், ரேடியோவை மலைக்கே கேட்கும்படி வைப்பான். லயத்தை விட்டு எழும்பச் சொன்னேன்.

"எங்க தாத்தா காலத்துலருந்து இங்கதானுங்க இருக்கோம். வேற வீடு குடுத்தா நாளைக்கே போறோம்" என்றான்.

வீடு கொடுக்க நான் என்ன அரசாங்கமா?

லயத்துக்கு மேலே சரிவில் ஒரு குளம் வெட்டுவித்தேன். தவளைகள் தாமாகவே வந்தன. படித்த மனிதர்கள் குப்புறப் படுத்து அவற்றைப் படம் எடுத்தார்கள். வேலை முடித்த அன்று மேசன் சிவசாமி என்னைக் கூட்டிப்போய்க் குளத்து வாய்க்குழாயைக் காட்டினான். "இத மட்டும் அடைக்க விட்றாதீங்க ஐயா. தண்ணி தேங்குனா மண்ணு ஊறி லயத்து மேலதான் எறங்கும்." கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

போன ஜூனில் மழை பிடித்தது. அன்றே குழாயை அடைத்தேன். சணல் சாக்குத்தான், பொலித்தீன் இல்லை. மண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ராக்காயி ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

"ஐயா, பின்செவுத்துல தண்ணி ஊத்தா வருதுங்க. புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்ல, அவரும் காய்ச்சலா படுத்திருக்காரு. மூணு பேரும் இங்க ஸ்டோர்ல கொஞ்ச நேரம் இருக்கட்டுங்களா?"

"ஸ்டோருக்குப் பக்கத்திலதான் விருந்தாளிகள் நடமாடுறவை. மழைக்குச் சுவர் கசியாமல் வேற என்ன செய்யும்?"

"அப்ப ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துர்றேங்க."

"மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிட்டுப் போ."

அவள் போய்த் தேங்காய் துருவினாள். அப்போதாவது சாக்கை உருவியிருக்கலாம். நான் உருவவில்லை.

பயமுறுத்தி அனுப்பத்தான் நினைத்தேன் என்று சொல்லும்படி என் வழக்கறிஞர் கேட்கிறார். நான் பொய் சொல்லிப் பழகாதவன். மண் இறங்கும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் அடைத்தேன். மத்தியானம் மண் சரிந்தபோது சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு விருந்தாளி அதை இடி என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பலாக்காய்க் கறி கேட்டார். சமையலறையில் அகப்பை விழுந்தது. அவள் மட்டும் ஓடினாள்.

அழகுமுத்துவை மறுநாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டும் அவன் கைக்குள்ளேயே இருந்தன. ஈமச்செலவு முழுவதையும் நான்தான் ஏற்றேன்.

இப்போது ராக்காயி என் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்கிறாளாம். அவளுக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும், ஐயா. அன்றைக்கு அவளை லயத்துக்குப் போகவிடாமல் நிறுத்தி, உயிரோடு காப்பாற்றியவன் நான்.