மறுபடி தள்ளிப்போன விளையாட்டு

மதுரையிலிருந்து காரைக்குடி வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு முப்பது வயதிருக்கும். கண் ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

“அந்தக் கம்ப்யூட்டர் கேம் வர்றப்ப எனக்குக் கண்ணு தெரியாதுடா,” என்றான் அண்ணன். நான் கைப்பேசியை அணைத்துவிட்டு அவர்கள் பேச்சைக் கேட்டேன்.

“திரும்பவும் தள்ளிப் போட்டுட்டாய்ங்களாண்ணே?”

“அடுத்த வருசமாம். அதுவரைக்கும் பார்வை தாங்காதுங்கிறாரு டாக்டரு.”

“வந்தாலும் நல்லா இருக்காதுண்ணே. கோடி கோடியாக் கொட்டிருக்காய்ங்க, ஆனா ட்ரெய்லர்ல காட்டுறதெல்லாம் கேம்ல எங்க வருது? போன பாகத்துல குதிரை சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நின்னுச்சே.”

“மாட்டிக்கிட்டுப் போகுது. ட்ரெய்லர்ல காட்டுன அந்த மலையூரை ஒரு தடவை பாத்துருக்கலாம்.”

பேருந்து திருப்பத்தூரைத் தாண்டியது.

“நான் விளையாடுறேன்,” என்றான் தம்பி. “யாரோட சேரணும், யாரை விடணும்னு நீ முடிவு பண்ணு. அதுதானண்ணே கேமே.”

“நீ பாத்ததை ஒழுங்காச் சொல்ல மாட்டியேடா. இப்ப அங்குட்டு என்ன தெரியுது?”

“கம்மா.”

“அவ்வளவுதானா?”

தம்பி ஜன்னல் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டான். “பாதித் தண்ணி கெடக்கு. நடுவுல ஒரு கருவேல மரம். கொக்கு ஒண்ணு அதுல உக்கார எடம் பாத்துச் சுத்துது.”

“உக்காந்துச்சா?”

“தெரியலண்ணே. பஸ் தாண்டிருச்சு.”