கெசியா வீலர் வீட்டில் நெருப்பு அணைக்கப்பட்டது பற்றி

பெயர் ஜெருஷா பிராட், வயது 52, காலஞ்சென்ற ஈனோக் பிராட்டின் மனைவி, தொழில் மருத்துவச்சி. விலாசம்: ஆலைப்பாலம் அருகில், எல்ம்ஃபீல்டு, மிடில்செக்ஸ் கவுண்டி, மாசசூசெட்ஸ். 1775 ஏப்ரல் 27ஆம் தேதி மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஊர்க் கமிட்டியின் சார்பில் எங்கள் சபை மூப்பர் டீக்கன் ஆலிவர் ஸ்டேர்ன்ஸ் உடனிருக்க, சத்தியம் செய்து சொல்வதாவது:

நான் மேற்படி ஊரிலேயே பிறந்து மேற்படி ஊரிலேயே குடியிருந்து வருகிறேன். இங்கே நடமாடுகிற இளவட்டங்களில் பாதிப் பேரை முதலில் கையில் தூக்கியவள் நான்தான், டீக்கனின் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் சைலஸ் டார்பெல் இப்போது டீக்கனின் களஞ்சியத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறார். சென்ற 19ஆம் தேதி இங்கிலாந்து ராஜாவின் சிப்பாய்களுக்கு அவர்தான் துப்புக் கொடுத்தார் என்றும், அதனால்தான் கெசியா வீலரின் குழந்தை செத்தது என்றும் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைத் தூக்கில் போடுவதாகப் பேச்சு. அது பொய்க் குற்றச்சாட்டு. அன்று அந்த வீட்டுக்குள் இருந்தவள் என்ற முறையில் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

ராஜாவுக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, எங்களில் ஒருவரையும் கேட்காமல், நாங்கள் குடிக்கிற தேயிலைக்கு வரி போட்டவர்கள்மேல் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய செய்தி வந்தபோது நான் சிரித்தேன். அதன் பிறகு சபைக்கூடத்தின் முன்னால் தீ மூட்டி, ஊரார் எல்லோரும் வீட்டுத் தேயிலையைக் கொண்டுவந்து போட்டபோது, நானும் என் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, அன்றிலிருந்து ராஸ்பெர்ரி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்து வருகிறேன். அது வாயில் வைக்க முடியாத கண்றாவி என்பதையும் இங்கே எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு ராஜா பாஸ்டன் துறைமுகத்தைப் பூட்டினார், நாங்கள் அவருடைய கோர்ட்டுகளை நடக்கவிடாமல் செய்தோம், அவர் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கினார், எங்கள் ஆண்கள் மைதானத்தில் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலுக்கு ஒன்று என்று இப்படியே போயிற்று.

அதன் பிறகு இங்கிலாந்துச் சரக்கை வாங்குவதில்லை, விற்பதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கமிட்டி சொன்னது. சைலஸ் போடவில்லை. அவர் கடையில் இருந்தது அத்தனையும் இங்கிலாந்துக் கண்ணாடி. "வித்துத் தீந்ததும் போடறேன், டீக்கன், இப்ப போட்டா எம்புள்ளைங்களுக்குக் கண்ணாடியையா பொடிச்சுப் போடறது?" என்று கேட்டார். அதன் பிறகு அவரிடம் யாரும் வேலை வாங்கக் கூடாது, பேசக் கூடாது, குதிரைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சபைக்கூடத்தில் படித்தார்கள். அவர் கதவில் சாணியை வாரிப் பூசினார்கள். பூசியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அதை இப்போது யாரும் கேட்கவில்லை. சென்ற குளிர்காலத்துக் கல்மழையில் அசாஹெல் வீலரின் வீட்டு ஜன்னல் ஒன்று உடைந்தபோது, சைலஸைக் கூப்பிட முடியாமல், கந்தலைத் திணித்து அடைத்துவைத்தார்கள். அது படுக்கையறை ஜன்னல்.

சம்பவத்தன்று விடிவதற்கு முன்பே அசாஹெலின் மனைவி கெசியாவுக்கு இடுப்புவலி கண்டது. தலைப்பிரசவம். நான் போய்ச் சேர்ந்து, கணப்பில் நெருப்பை மூட்டி, தண்ணீர்க் கொப்பரையைத் தொங்கவிட்டேன். அதன் பிறகு சாலையில் குதிரைக்காரன் ஒருவன் பட்டாளம் வருகிறது என்று கத்திக்கொண்டு போனான். அசாஹெல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஊர்ப்படையோடு ஓடினார். துணைக்கு வந்திருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் நானும் கெசியாவும் மட்டும் இருந்தோம்.

அதன் பிறகு டீக்கன் வண்டியோடு வந்தார். ஊர்ப்படையின் வெடிமருந்துப் பீப்பாய்கள் அதுவரை அவருடைய களஞ்சியத்தில் இருந்தன. பட்டாளத்தார் களஞ்சியங்களைத்தான் முதலில் சோதிப்பார்கள் என்பதால், பிரசவ அறைக்குள் எந்த ஆணும் நுழையமாட்டான் என்று யோசித்து அங்கே கொண்டுவந்திருந்தார். யோசனை நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. பிரசவம் நடக்கிற வீடு என்று தெரிவதற்காக வாசல் கதவு வளையத்தில் வழக்கப்படி வெள்ளைக் கையுறையையும் அவரே கட்டினார். அதன் பிறகு பீப்பாய்களை உள்ளே உருட்டிவந்தார். கெசியாவைப் பார்ப்பது மரியாதையில்லை என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே உருட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவை வெளியே தெரியாமலிருக்க, கெசியாவின் மேலிருந்த தடித்த போர்வைகளை எடுத்துக் கட்டிலின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். அதன் பிறகு அவர் கண் கணப்பின்மேல் விழுந்தது.

"ஒரு பொறி தெறிச்சா வீடே மிஞ்சாது, ஜெருஷா. நெருப்பை அணைச்சுடு" என்றார்.

"அப்ப பீப்பாயைத் தூக்கிட்டுப் போங்க. புள்ள பொறக்கற நேரம், வெளியில உறைபனி, ஜன்னல்ல கண்ணாடிகூட இல்ல" என்றேன்.

"நம்ம முன்னோருங்க இந்த மண்ணுல வந்து எறங்கினப்ப காட்டுலயே பெத்தாங்க. இவ ஒரு வேளைக் குளிரைத் தாங்கமாட்டாளா?"

"நீங்க ஒண்ணு பெத்துப் பாருங்களேன், டீக்கன் ஐயா."

குழந்தையைக் குளிப்பாட்ட நான் காய்ச்சி வைத்திருந்த கொப்பரையை அவர் தூக்கி, அந்த வெந்நீரையே நெருப்பின்மேல் ஊற்றினார். கெசியா குளிருகிறது என்று சொன்னாள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பக் கத்தினாள். டீக்கன் சுவரைப் பார்த்தபடியே வெளியே போய், சபைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் ஒளிந்துகொண்டார்.

அதன் பிறகு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நன்றாக வளர்ந்த குழந்தை, பிறந்தவுடன் அழுதது, எந்தக் குறையும் இல்லை. ஈரம் துடைக்கச் சூடான துணி இல்லை, வெந்நீர் இல்லை. கணப்பு விறகு நனைந்து கிடந்தது, கெசியாவை விட்டுப் போய் வேறு விறகு கொண்டுவர ஆளும் இல்லை. தொங்கிய போர்வைகளில் ஒன்றை இழுத்துக் கெசியாவின்மேல் போட்டேன். ஜன்னல் கந்தல் வழியாகக் காற்று ஊசியாக இறங்கியது. குழந்தையை என் ரவிக்கைக்குள் விட்டு நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். உதடு நீலமாயிற்று, அழுகை சிணுங்கலாயிற்று, சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அப்போது பட்டாளம் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

அதன் பிறகுதான் ராஜாவின் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள். வாசலில் கையுறையைப் பார்த்ததும் அதிகாரி ஒருவர், "பிரசவ வீடு, விடுங்க, போகலாம்" என்று சொல்லித் தாண்டிப் போனார். பின்னால் வந்த சார்ஜெண்ட் நின்றான். ஜன்னலில் கண்ணாடி இல்லாததால் அவன் பேசியது எனக்கு அப்படியே கேட்டது. "எனக்கு நாலு புள்ளைங்க. இந்தக் குளிர்ல புகை வராத பிரசவ வீட்டை நான் எங்கயும் பார்த்ததில்ல. அந்தக் கூரையப் பாருங்கடா" என்றான். துப்புக் கொடுத்தது அந்தப் புகைபோக்கி, வேறு யாரும் இல்லை. சைலஸ் சாலையில் சிப்பாய் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்ததாக டீக்கன் சொல்கிறார். கொடுத்திருக்கலாம். அந்த வீட்டுக்குள் வெடிமருந்து இருந்தது சைலஸுக்கு எப்படித் தெரியும்? அவரிடம்தான் ஊரே பேசுவதில்லையே!

சார்ஜெண்ட் உள்ளே வந்து, குறுக்கே நின்ற என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். பீப்பாய்களை வெளியே உருட்டிக் குளத்தில் கொட்டச் சொன்னான். அதன் பிறகு என் நெஞ்சில் இருந்ததைப் பார்த்தான். "கிறுக்குப் பிடிச்ச ஜனங்களா, எதுக்குடி நெருப்ப அணைச்சீங்க?" என்று கத்தினான். அதன் பிறகு அவனுடைய ஆட்களே விறகைக் கொண்டுவந்து கணப்பை மூட்டினார்கள். அறை சூடாயிற்று. குழந்தை சூடாகவில்லை. அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. போகும்போது சமையற்கட்டில் தொங்கிய உப்புப்போட்ட பன்றித்தொடையை அறுத்து எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மதியம் பாலச் சாலையில் சண்டை நடந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களைக் கொன்றது ராஜாவின் பட்டாளம்தான். அவர்களைக் குளிப்பாட்டியவள் நான், குண்டு துளைத்த இடங்களைக் கேட்டால் சொல்வேன். அதன் பிறகு டீக்கன் வீலர் வீட்டுக்கு வந்து, என்னைக் கேட்காமல், துணியில் சுற்றியிருந்த குழந்தையை எடுத்துப் போய், சபைக்கூடப் படியில் நின்று கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "ராஜாவோட ஆளுங்க என்ன பண்ணிட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்றார். அசாஹெல் அதைக் கேட்டார். வீட்டுக்குள் வந்து கெசியாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாஸ்டனைச் சுற்றிவளைத்திருக்கும் நம் படையோடு சேரப் போய்விட்டார். பின்னாலேயே எங்கள் ஊரிலிருந்து நிறையப் பேர் போனார்கள். அதன் பிறகு மிச்சமிருந்தவர்கள் சைலஸின் கடைக்குள் புகுந்து கண்ணாடி அத்தனையையும் நொறுக்கி, அவரை வேலிக்கட்டையில் உட்காரவைத்துத் தூக்கிச் சுமந்து, வழி நெடுக அடித்தார்கள். அவருடைய தொடை கிழிந்ததற்கு மருந்து கட்ட நான் போனபோது டீக்கனின் ஆட்கள் என்னை உள்ளே விடவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகு, நெருப்பை அணைத்த விஷயத்தை அடித்துவிடலாமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சண்டையை முதலில் தொடங்கியது யார் என்று காட்டுவதற்காக இந்த வாக்குமூலங்களைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

டீக்கன், "ஊர்ல ஒவ்வொருத்தன் ரத்தமும் கொதிச்சுக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல நீ யார் பக்கம், ஜெருஷா?" என்று கேட்டார்.

"அந்த ரெண்டு பேர் செத்ததை எழுதி அனுப்புங்க, நான் கையெழுத்துப் போடறேன். அதுவே போதும் ராஜாவ எதிர்க்க. இந்தப் புள்ளையக் கொண்டுபோய் அந்தக் கணக்குல சேக்காதீங்க. உங்க தப்பை சைலஸ் கழுத்துல மாட்டாதீங்க" என்றேன்.

"வாயை அடக்கிப் பேசு. பெத்தவளே பட்டாளத்துக்காரன்தான் கொன்னான்னு சொல்றா" என்றார்.

அப்படியானால் அவளையே கேளுங்கள் என்று நான் சொன்னதன் பேரில் மாஜிஸ்திரேட் ஆள் அனுப்பினார். பிரசவமானவள் ஒரு மாதம் படுக்கையை விட்டு எழக் கூடாது. கெசியா நாற்காலியில் சுமந்து வரப்பட்டாள். டீக்கன் எழுந்து, "நீ ஒண்ணும் பேச வேணாம்மா, உடம்பு தேறட்டும், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவள் பட்டாளத்தைப் பற்றியோ சைலஸைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. டீக்கனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்: "குளிருது, குளிருதுன்னு கத்தினேனே, டீக்கன் ஐயா. உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

டீக்கன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதில் சாட்சியாகக் கையெழுத்துப் போடவும் இல்லை.

அதன் பிறகு சைலஸை இன்றே அவிழ்த்துவிடும்படி மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுத்தார். இந்த வாக்குமூலத்துக்கு ஒரு நகல் எடுத்துப் படையில் இருக்கும் தன் புருஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று கெசியா கேட்டுக்கொண்டாள். விஷயம் தெரிந்தால் அசாஹெல் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார், அவர் பின்னால் போனவர்களும் வந்துவிடுவார்கள் என்று மாஜிஸ்திரேட் சொன்னார்.

"வந்தா வரட்டும். இல்ல, அங்கயே நின்னு சண்டை போடட்டும். எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சு போடட்டும்" என்று கெசியா சொன்னாள்.

மேலே கண்டதெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் உண்மை. எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. எந்த வரியையும் அடிக்க நான் சம்மதிக்கவில்லை, எதுவும் அடிக்கப்படவும் இல்லை.

(ஒப்பம்) ஜெருஷா பிராட்

சாட்சி: எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி இட்டது, குழந்தையின் தாய் கெசியா வீலர்.