செல்விக்கு மட்டும் பேப்பர் கப்

குளத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். ஒரே பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் படித்துக்கொண்டிருந்த நாவலை மூடினார்.

"எங்க தெரு ஆளை மட்டும் எதுக்குடி எப்பவும் சாகடிக்கிறாங்க?"

"கதைதானே செல்வி."

"பிள்ளைங்க கதைன்னா ரெண்டு கூட்டாளியும் ஒரே தட்டுல சாப்பிடும், கடைசிப் பக்கத்துல ஊரே திருந்திரும். பெரியவங்க நாவல்னா எங்க ஆளு செத்துருவா, ஒங்க ஆளு அழுவா. கூட்டாளி வீட்டுல சும்மா ஒரு காபி குடிச்சிட்டு வந்தான்னு ஒருத்தரும் எழுதலை."

"நீதான் போன வாரம் எங்க வீட்டுல குடிச்சியே."

"குடிச்சேன். எல்லாருக்கும் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு."

"டம்ளர் பத்தலைன்னு மாமியார்தான்..."

"அலமாரி நெறைய அடுக்கியிருந்துச்சு, கலா. ஞாயித்துக்கிழமை ஒம் மக காதுகுத்துக்குக் கூப்பிட்டிருக்க. டம்ளர்ல தருவேன்னு சொல்லு, வாரேன்."

கலா முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் நேரங்கழிச்சு வாடி. சொந்தக்காரங்க எல்லாம் கெளம்பினப்பறம் நானே டம்ளர்ல தாரேன்."

அடுத்த நிறுத்தத்தில் பின்னால் ஓர் இருக்கை காலியானது. செல்வி எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.